எலிக்கு எமன் இந்தக் குட்டை நாய்!

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. அந்தத் தனி வளையை எலி நம் வீட்டுச் சுவருக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு குடியேறிவிட்டால் என்ன செய்வது? பூனை வளர்க்கிறோம். பொறி வைக்கிறோம். கடையில் மருந்துக் கட்டி வாங்கி மூலைக்கு மூலை போடுகிறோம். நாயை மட்டும் யாரும் இந்த வேலைக்கு நினைப்பதில்லை. நாய் என்றால் வாசலில் படுத்துக்கொண்டு திருடனைக் கண்டு குரைக்க வேண்டியது என்பதே நம்மில் பலருடைய எண்ணம்.

இங்கிலாந்து நாட்டுக் குடியானவர்கள் அப்படி நினைப்பதில்லை. எலி பிடிப்பதற்கென்றே ஒருவகைக் குட்டை நாய்களைப் பழக்கி, தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ புது மருந்துகள் வந்த பிறகும் அந்த நாய்களுக்கு வேலை போய்விடவில்லை. அண்மைக் காலத்தில் அவற்றின் மதிப்பு கூடியே இருக்கிறது.

சீமை நாயின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். செம்பனைக் காட்டிலும், வீட்டுக் கூரையிலும், கால்வாய் ஓரத்திலும் எலியோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் நாம். அவர்கள் அந்தப் போரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் நாலு நன்மை உண்டு.

மண்ணுக்குள் புகும் நாய்

இந்த நாய்களுக்கு ‘டெரியர்’ என்று பெயர். மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வளைக்குள் புகுந்து, உள்ளே பதுங்கியிருக்கும் பிராணியை வெளியே விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டவை என்பதால் அப்பெயர் பொருந்தியது. உயரத்தில் ஒரு முழம்கூட இராது. ஆனால் துணிச்சலுக்குக் குறைவில்லை. கூர்மையான மோப்பம், பலமான தாடை, மின்னல் வேகம், பிடித்ததை விடாத பிடிவாதம் எல்லாம் அந்தச் சின்ன உடம்பில் அடங்கியிருக்கும்.

டெரியரில் பல வகைகள் உண்டு. உலகம் முழுவதும் பெயர் பெற்றது ஜேக் ரஸ்ஸல் டெரியர். ஜான் ரஸ்ஸல் என்பவர் 1795-இல் பிறந்து 1883-இல் மறைந்த ஒரு பாதிரியார். 1819-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, பால்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பெண் நாயை வாங்கினார். வெள்ளை உடம்பு, முகத்தில் செம்பழுப்புத் திட்டு. அதன் பெயர் டிரம்ப். அந்த நாயை வைத்துத் தொடங்கிய வம்சத்துக்குத்தான் இன்று அவர் பெயர் வழங்குகிறது. பாதிரியார் அதை வளர்த்தது நரி வேட்டைக்காக. பண்ணைக்காரர்களோ அதன் பிள்ளைகளை எலி வேட்டைக்கு இறக்கிவிட்டார்கள்.

பணக்காரச் சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்‌ஷயர் டெரியரின் பூர்வீகத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வடக்கு இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதிகளில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வளர்த்த எலி பிடிக்கும் நாய் அது. இன்று பட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு திரிவது தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான்!

பிளம்மர் டெரியர் என்று இன்னொரு வகை. அதை உருவாக்கிய பிரையன் பிளம்மர் ஒரு பள்ளி ஆசிரியர். பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் தம் நாய்களோடு எலி வேட்டைக்குப் போனவர். அந்த அனுபவங்களை 1978-இல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

எதிரியும் லேசுப்பட்டவன் அல்லன்

எலியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அந்நாட்டுப் பண்ணைகளில் தொல்லை தருவது பழுப்பு எலி. கருவுற்ற மூன்று வாரங்களில் குட்டி போடும். ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துப் பன்னிரண்டு குட்டிகள்கூடப் பிறக்கும். அக்குட்டிகளும் இரண்டு மூன்று மாதங்களில் குட்டி போடும் பருவத்தை எட்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடியை விட்டுவைத்தால் ஓர் ஆண்டில் அது ஒரு பட்டாளமாகிவிடும்.

அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்டிக், மின்கம்பியின் உறை எதையும் விடாது. இதைவிடப் பெரிய தந்திரம் அதன் சந்தேக புத்தி. பழகிய பாதையில் புதிதாக ஒரு பொருளைக் கண்டால் சில நாள் அதை நெருங்காது. நாம் இன்று வைத்த பொறியில் இன்றே எலி விழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நாயிடம் இந்தச் சந்தேக புத்தி செல்லாது. மருந்தும் பொறியும் எலி வருமா என்று காத்துக் கிடக்கின்றன. நாயோ எலி இருக்கும் இடத்துக்கே தேடிப் போகிறது.

போரடிக்கும் நாள்

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோதுமையை அறுத்து, கதிரோடு பெரிய போராகக் குவித்து வைப்பார்கள். குளிர்காலத்தில் போரடிக்கும் இயந்திரம் ஊருக்கு வரும்வரை அந்தப் போர் நிற்கும். அதற்குள் எலிகள் அதில் குடும்பம் குடும்பமாக அரண்மனை கட்டிவிடும். சாப்பாடும் உள்ளே, படுக்கையும் உள்ளே!

இயந்திரம் வந்து போரை மேலிருந்து பிரிக்கப் பிரிக்க, எலிகள் கீழே கீழே இறங்கும். கடைசி அடுக்கு வந்ததும் நாலா பக்கமும் பாயும். அந்த நேரத்துக்காகவே டெரியர்கள் காத்திருக்கும். வேலையாட்கள் கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டியிருப்பார்கள். பயந்த எலி இருட்டான சந்தென்று எண்ணிக் கால்சட்டைக்குள் ஏறிவிடும் என்ற அச்சந்தான் காரணம்!

போரைப் பிரிக்கும்போது தப்பும் எலிகள் பக்கத்துப் பண்ணைக்கு ஓடிவிடுமே? அதற்கும் சட்டம் இருந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் 1950-இல் வந்த விதிகளின்படி, போரடிக்கும்போது சுற்றிலும் தடுப்பு வேலி கட்டி, உள்ளே அகப்படும் எலிகளைக் கொல்ல வேண்டியது பண்ணைக்காரரின் கடமை. நம் எலி அடுத்த வீட்டு எலியாகிவிடக் கூடாது என்ற பொறுப்பை அங்கே சட்டமே சுமத்தியது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பண்ணை வேலைக்குப் பெண்கள் படையொன்று திரட்டப்பட்டது. அதில் பல பெண்கள் எலி ஒழிப்பில் பயிற்சி பெற்று ஊர் ஊராகச் சென்றார்கள். உணவுக் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்ட காலம் அது. களஞ்சியத்தில் எலி தின்னும் ஒவ்வொரு பிடி தானியமும் ஒரு குழந்தையின் வாய்க்குப் போகவேண்டியது என்பதை அந்நாட்டு மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

இன்று வேட்டை நடக்கும் விதம்

இப்போது கதிர்ப் போர்கள் இல்லை. அறுவடை இயந்திரமே வயலில் தானியத்தைப் பிரித்துவிடுகிறது. எலிகளும் இடம் மாறிவிட்டன. கோழிப் பண்ணை, பன்றிப் பட்டி, மாட்டுத் தீவனம் குவித்த இடம், சாணக் குப்பை, வேலியோரம் ஆகியவையே அவற்றின் இன்றைய கோட்டைகள்.

வேட்டைக்குப் போகிறவர்கள் பண்ணைக்காரரின் அனுமதி பெற்று, மூன்று நான்கு பேராக நாலைந்து நாய்களோடு போவார்கள். முதலில் சந்தடியில்லாமல் சுற்றிப் பார்த்து வளைகளைக் கண்டுபிடிப்பார்கள். எலி குடியிருக்கும் வளையின் வாயில் நூலாம்படை இராது. மண் புதிதாகவும், வாயோரம் வழவழப்பாகவும் இருக்கும். நாய் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டி அங்கேயே நின்றால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து எலியை வெளியேற்ற வேண்டும். சிறிய இயந்திரமொன்றில் எண்ணெயைப் புகைய வைத்துக் குழாய் வழியாக வளைக்குள் புகையைச் செலுத்துவார்கள். சிலர் தண்ணீர் ஊற்றுவார்கள். இன்னும் சிலர் மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ‘பெரட்’ என்னும் ஒல்லியான பிராணியை உள்ளே விடுவார்கள். (நம் விடியற்காலைப் பெரட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) ஒரு வளைக்குப் பல வாசல்கள் இருக்கும். ஒரு வாசலில் புகை போனால் இன்னொரு வாசலில் எலி பாயும். நாய்கள் அந்த வாசல்களைச் சுற்றி நிற்கும்.

எலி வெளிப்பட்டதும் நாய் ஒரே பாய்ச்சலில் கவ்வி, ஓர் உதறு உதறும். கழுத்தெலும்பு முறிந்து எலி அந்த நொடியே செத்துவிடும். நாய் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். நல்ல நாய் செத்த எலியோடு விளையாடி நேரத்தைப் போக்காது, தின்னவும் தின்னாது.

இந்த வேலையில் மனிதனுக்கும் கடமை உண்டு. நாய் வாய் வைக்கும் இடத்தில் கம்பை ஓங்கக் கூடாது. கனமான பலகைகளையும் தகரங்களையும் தூக்கிக் கொடுப்பது ஆளின் வேலை. அவசரப்பட்டுக் கத்தக் கூடாது. ‘நில்’ என்றால் நாய் நிற்க வேண்டும். நாய் நிற்கிற இடத்தை மனிதன் கவனிக்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பினால்தான் வேட்டை.

ஐந்தில் வளையாதது

எலியைக் கொல்லும் குணம் டெரியருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதைக் கற்றுத் தர வேண்டியதில்லை. எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் கற்றுத் தர வேண்டும். கோழி, வாத்து, ஆட்டுக்குட்டி, வீட்டுப் பூனை இவற்றின் நடுவே குட்டியிலிருந்தே கயிற்றில் கட்டிக்கொண்டு போய்ப் பழக்குவார்கள். ‘வா’, ‘விடு’ என்ற சொற்களுக்குக் கட்டுப்பட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். கோழியைக் கொல்லும் நாய்க்கு எந்தப் பண்ணையிலும் இடமில்லை.

பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து, உடம்பு தேறும்வரை குட்டியைப் பெரிய எலியோடு மோத விடமாட்டார்கள். சிறு வயதில் பலமாகக் கடிபட்டால் அது பயந்து கெட்டுவிடும். நம் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். தாங்க முடியாத சுமையை முதல் நாளே ஏற்றினால், படிப்பென்றாலே பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடுகிறது.

வேட்டை முடிந்ததும் நாய்களைப் பட்டினியாகக் கட்டிப்போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். முகத்தையும் காதையும் உதட்டையும் பார்த்து, எலி கடித்த காயங்களைக் கழுவி மருந்து போடுவார்கள். எலிக் காய்ச்சல் வராதிருக்க ஆண்டுதோறும் தடுப்பூசியும் போடுவார்கள். உழைக்கிற பிராணிக்கு உரிய மரியாதை அது.

பந்தயம் வேறு, வேலை வேறு

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எலிகளைப் பிடித்துக் குழிபோன்ற ஒரு கூடத்தில் விட்டு, நாயை இறக்கி, எத்தனை நிமிடத்தில் எத்தனை எலி சாகும் என்று பணம் கட்டிச் சூதாடினார்கள். 1823-இல் பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் நூறு எலிகளைக் கொன்றது என்று அக்காலத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். 1835-இல் காளையையும் கரடியையும் நாய்களை ஏவி வதைக்கும் விளையாட்டைச் சட்டம் தடை செய்தது. எலிச் சூது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்து, பின்னரே மறைந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவிக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2005-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நிலத்துக்காரரின் அனுமதியோடு எலியையும் முயலையும் வேட்டையாட அச்சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பயிரையும் உணவையும் காப்பது தேவை. வேடிக்கைக்காக ஓர் உயிரை வதைப்பது பாவம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருந்து இருக்க நாய் எதற்கு?

1948-இல் அமெரிக்காவில் ‘வார்பரின்’ என்ற எலி மருந்து விற்பனைக்கு வந்தது. இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும் மருந்து அது. எலியின் காலம் முடிந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1958-இல், ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் வார்பரினைத் தின்றும் சாகாத எலிகள் காணப்பட்டன. பிறகு அதைவிடப் பலமான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவை எலியின் உடம்பில் நெடுநாள் தங்குகின்றன. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகை, பருந்து, நரி, நாய், பூனை எல்லாவற்றுக்கும் அந்த நஞ்சு போய்ச் சேருகிறது. பிரிட்டனில் செத்துக் கிடந்த கூகைகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்த நஞ்சு இருந்தது.

இதன் விளைவாக, கட்டடங்களை விட்டு விலகிய திறந்த வெளியில் இந்த இரண்டாம் தலைமுறை மருந்துகளைப் போடும் அனுமதி பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. டெரியருக்கு மறுபடியும் கிராக்கி ஏற்பட இதுவும் ஒரு காரணம். ‘எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல’ என்று நம்மவர்கள் சொன்ன பழமொழியை ஆங்கிலேயர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள் எனலாம்.

நம் தோட்டத்தில் நாய் போதுமா?

உடனே நாமும் நாயைச் செம்பனைக் காட்டுக்குள் விரட்டலாமா? கூடாது. நம் செம்பனையைக் கெடுக்கும் எலி பெரும்பாலும் மரமேறும் காட்டெலி. மட்டைக் குவியலிலும் மரத்தின் கொண்டையிலும் வாழும். குட்டை நாய் மரமேறாது. அதோடு, நம் மட்டைக் குவியலில் நல்லபாம்பும் படுத்திருக்கும். அந்த ஆபத்து இங்கிலாந்து நாய்க்கு இல்லை.

காட்டில் நமக்குக் கைகொடுப்பது கூகை. 1960-களின் கடைசிவரை தீபகற்ப மலேசியாவில் அரிதாக இருந்த கூகை, செம்பனைத் தோட்டங்கள் பெருகியதும் எலியைத் தேடித் தானும் பெருகியது. தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டுக் கூட்டுப் பெட்டி வைத்து அதை வரவேற்றன. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தீர்த்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1980-களில் பலமான மருந்துகள் போடப்பட்ட தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோனதையும் அவர்கள் கண்டார்கள்.

கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லிக் கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர்களே, அந்தப் பறவை சாவைக் கொண்டுவருவது எலிக்குத்தான்! பிள்ளைகள் கையில் இருக்கும் கவண்கல்லை வாங்கி வையுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள எலிக்கு, சொல் கேட்கும் ஒரு நாட்டு நாய் நிச்சயம் உதவும். ஆனால் அந்த நாய்க்கு உரிமமும் தடுப்பூசியும் இருக்க வேண்டும். வீட்டிலோ தோட்டத்திலோ மருந்து போட்டிருக்கும் நாட்களில் அதை அவிழ்த்துவிடக் கூடாது. நாயின் ஈறு வெளுத்தாலும், மூக்கிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டாலும், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். மருந்துக் கட்டியின் உறை கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். வார்பரின் வகை நஞ்சுக்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. காலம் தாழ்த்தாமல் கொடுத்தால் நாய் பிழைக்கும்.

உயிர் பறிக்கும் காய்ச்சல்

எலியால் அரிசி போவது சிறிய நட்டம். உயிரே போவதும் உண்டு. மலாய்க்காரர்கள் ‘கென்சிங் தீக்குஸ்’ என்று சொல்லும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் நம் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ படுவதால் வருகிறது. 2010-ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் மருத்துவர்கள் கட்டாயமாக அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்று. கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலை கண்டு சிறுநீரகமும் கெட்டுப்போகும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். ஆகவே காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள், “நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன், எலி நடமாடும் இடம்” என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். மருத்துவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

காட்டுக்குப் போகிறவர்கள் காலுறையும் பூட்ஸும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். மழை பெய்து கால்வாய் நிரம்பினால் பிள்ளைகளை அதில் இறங்கி விளையாட விடாதீர்கள். டின் பானங்களின் மேல்பக்கத்தைக் கழுவிவிட்டுக் குடியுங்கள்.

முதல் வேட்டைக்காரர் யார்?

இங்கிலாந்து வேட்டைக்காரர்கள் ஒரு பண்ணைக்கு முதல் நாள் போனால் பத்துக்கணக்கில் எலி பிடிப்பார்கள். தீவனத்தைச் சிந்தவிட்டு, குப்பையைக் குவித்து வைத்திருக்கும் பண்ணையானால் சில மாதங்களில் மறுபடியும் போக வேண்டிவரும். தீவனத்தை மூடிவைத்து, ஓட்டைகளை அடைத்து, சுற்றுப்புறத்தைச் செதுக்கி வைத்திருக்கும் பண்ணையில் நாய்க்கு வேலை குறைந்துவிடும். எத்தனை சூரமான நாயும், மனிதன் போடும் தீனியை எலி தின்பதைத் தடுக்க முடியாது.

இது தோட்டத்து வீட்டுக்கும் பொருந்தும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன வீட்டுக்கும் பொருந்தும். அரிசியை மூடியுள்ள டின்னில் வையுங்கள். இரவில் எச்சில் தட்டைப் போட்டுவைக்காதீர்கள். கோழித் தீனியையும் நாய்ச் சோற்றையும் அந்தி சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். கைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குட்டிக்கு வாசல்; சிமெண்டு வைத்து அடையுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். வரிசை வீடுகள் அத்தனையும் சேர்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கால்வாயையும் கொல்லையையும் துப்புரவு செய்தால் அது போக்கிடமின்றித் தவிக்கும்.

அப்படிச் செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் எலியை நாய் பார்த்துக்கொள்ளும், பூனை பார்த்துக்கொள்ளும், இருட்டில் கூகை பார்த்துக்கொள்ளும். முதல் வேட்டையைத் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்து நாம்தான் தொடங்க வேண்டும்.